கைக்கு வந்த பல்லி

எங்கள் வீட்டுக்குள் முட்டை அட்டை நுழைந்தது கரப்பான் பூச்சிகளுக்காக. செவ்வாய், வெள்ளியில் வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு அது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் முட்டைக்கடையில் காலி அட்டைகளைக் கேட்டு வாங்கி, துணிப்பைக்குள் திணித்து, மேலே ஒரு கட்டு அரைக்கீரையை வைத்து மூடிக்கொண்டு வந்தேன். பையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு மங்கை பார்த்துவிட்டாள்.

"என்ன மதினி, முட்டையா?"

"அட்டை மட்டுந்தான்" என்றேன்.

யார் நம்புவார்கள்? வெறும் அட்டையை வாங்கி என்ன, கரைத்தா குடிப்பாள் என்றுதான் நினைத்திருப்பாள். ஏற்கெனவே என் வீட்டுக்காரர் தாணுவுக்கு ஈரல் கெட்டுப்போனதைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு சொட்டுக் குடித்ததில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து அரித்த ஈரல் என்று டாக்டர் சொன்னார். தெரு அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார் என்று முடிவு செய்திருந்தது.

என் ஈரலில் பாதியைக் கொடுக்கிறேன் என்றேன். பொருந்தவில்லை. அவருடைய அக்கா செண்பக மதினியுடையதும் பொருந்தவில்லை. செத்தவர்களிடமிருந்து ஈரல் வாங்குவதற்கான வரிசையில் அவர் நின்ற இடத்தைப் பார்த்தால், தன் முறை வருவதற்குள் அவரே கொடுக்கிற பக்கத்துக்குப் போய்விடுவார் போலிருந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஈரல் பல்லியைப் பற்றிச் சொன்னார்கள்.

பல்லி என்ற சொல்லே எனக்கு ஆகாது. சுவரில் பல்லி சொன்னால் தரையைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். மேலே விழுந்தால் மார்கழிக் குளிரிலும் தலைமுழுகிவிடுவேன்.

பல்லி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் எப்சிபா. சின்ன வயது, தோளில் பெரிய பை, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் அறை அறையாகப் பார்த்தாள்.

"ஆப்பிரிக்காவுல உள்ள வகைக்கா இது. ஒடம்பு பூரா தட்டுத் தட்டா கவசம் மாதிரி இருக்கும், அதான் கவசப் பல்லிங்கோம். அண்ணாச்சி ஒடம்புலேருந்து கொஞ்சம் செல்லு எடுத்து அதோட வால்ல வச்சிருவோம். அங்கன அது ஈரலா வளரும். கொஞ்சம் வளந்தாப் போதும். அத எடுத்து அண்ணாச்சி வயித்துல வச்சிட்டா மிச்சத்த அதுவே வளத்துக்கிடும்."

"அத ஆஸ்பத்திரியிலயே வளக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"வளத்துப் பாத்தாச்சுக்கா. ஆளு வீட்டுக்கு வந்ததும் ஒடம்பு அந்த ஈரலத் தள்ளிருது. இந்த வீட்டுத் தூசி, காத்து, கிருமி எல்லாத்துக்கும் அது மொதல்லயே பழகணும். அண்ணாச்சி படுக்கிற ரூம்லதான் தொட்டிய வைக்கணும்."

கட்டிலில் மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "அது பல்லி ஈரல் இல்லையே?"

"இல்ல சார். ஒங்க ஈரல்தான். பல்லி சும்மா சொமக்கும்."

"அப்ப சரி. சைவந்தான்" என்றார் வாத்தியார்.

எப்சிபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னாள். "இன்னொண்ணு சார். யாருக்கு ஈரலோ அவங்களே வளத்தா ரொம்ப நல்லது. தீனி போடுதது, தண்ணி மாத்துதது எல்லாத்தையும் நீங்களே செய்யுங்க. உக்காந்துக்கிட்டே செய்யலாம்."

"தீனின்னா?"

"கரப்பான் பூச்சி."

"பூச்சிய நான் தொடவா? காலைல பூசை பண்ணுத கை இது. வடிவு பாத்துக்கிடுவா."

"இல்ல சார், நீங்களே செஞ்சா..."

"அவ பாத்துக்கிடுவாம்மா."

அந்தப் பெண் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். நானும் துருவிக் கேட்கவில்லை. அந்த வீட்டில் சாக்கடை அடைத்தாலும், பரணில் எலி செத்து நாறினாலும், அந்த வேலை தானாக நடந்து என் கைக்குத்தான் வரும். காலையில் விளக்கேற்றுகிற கையும் அதுதான் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கே அன்றைக்குத் தோன்றவில்லை.

நாலடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. மணலும் செம்மண்ணும் சலித்து, வெயிலில் காயவைத்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கொட்டினேன். அது புதைந்துகொள்ள அவ்வளவு ஆழம் வேண்டுமாம். ஒரு மூலையில் சூட்டு விளக்கு, அதற்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல். எதிர்மூலை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அங்கே தண்ணீர்க் கிண்ணம். மேலே நீளமாக இன்னொரு விளக்கு. வெயிலில் உள்ள ஏதோ ஒன்று அதில் வருமாம், அது இல்லாவிட்டால் பல்லிக்கு எலும்பு மெழுகாகிவிடுமாம். அறையில் ஏசி போடக் கூடாது என்றதும் வாத்தியார், "எனக்கு வைத்தியமா, பல்லிக்கா?" என்றார். அடுக்களை மேடை போட்டபோது மிச்சமான கிரானைட் துண்டுகளை எப்சிபா ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் கை நுழையும் அளவு இடுக்கு விட்டு அடுக்கினாள்.

"இந்த இடுக்கு முக்கியம்கா. ஆகாத ஆளப் பாத்தா உள்ள போயி மூச்ச இழுத்து ஒடம்ப ஊதிக்கிடும். பெறகு யாராலயும் இழுக்க முடியாது."

பல்லி ஒரு துணிப்பையில் வந்தது. முழங்கை நீளம். பாதி உடம்பு, பாதி வால். பழுப்புநிறச் செதில்கள் வரிவரியாக அடுக்கியிருந்தன. கழுத்திலிருந்து பின்னங்கால் வரை விலாவில் ஒரு மடிப்பு. மூச்சு விடும்போது அந்த மடிப்பு பிரிந்து உள்ளே வெளுத்த தோல் தெரிந்தது. வாலின் அடியில் ஒரு தையல். அதற்குள் என் புருஷன் இருக்கிறார் என்று நினைத்ததும் எழுந்து கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குச் சனியன் என்று பெயர் வைத்தேன்.

சனியனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் தீனியை முடியாது. கொல்லையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம். அதற்குள் செங்குத்தாக முட்டை அட்டைகள். அட்டையின் ஒவ்வொரு குழியிலும் பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடக்கும். மூடியைத் திறந்ததும் ஒரு சரசரப்பு, கூடவே புளித்த மாவும் பழைய செருப்பும் கலந்ததுபோல ஒரு வீச்சம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அட்டையைத் தட்டி ஒரு டப்பாவில் எடுப்பேன். எலும்புக்கான சுண்ணாம்புச் சத்துப் பொடியை அதில் போட்டுக் குலுக்க வேண்டும். குலுக்கித் திறந்தால் ஒவ்வொரு பூச்சியும் வெள்ளையாக எழுந்து வரும்.

"பூச்சிக்கெல்லாம் திருநீறு பூசுதியோ?" என்றார் வாத்தியார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கோபம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது தின்னும் சத்தம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு நான் பல நாள் அப்பளம் பொரிக்கவில்லை. பப்பாளியும் செம்பருத்திப் பூவும் தின்னும். அது மட்டும்தான் நான் முகம் சுளிக்காமல் போட்ட தீனி. குடிக்கிற கிண்ணத்திலேயே வெளிக்கு இருந்து வைக்கும். தோல் உரிக்கும்போது கந்தல் கந்தலாக உரிந்து காலில் தொங்கும். விரல் நுனியில் ஒட்டிய தோலை நனைத்து எடுத்துவிடவில்லை என்றால் விரல் அழுகிவிடுமாம். அதையும் செய்தேன். அதைத் தொட்ட கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அவருக்குக் கஞ்சி வைப்பேன். அப்போதும் அவர் கேட்பார், "கை கழுவுனியா?"

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை இருந்தது. அதைப் பயமுறுத்தவே கூடாது. பயந்தால் வாலை உதிர்த்துவிடும். வளராத ஈரலோடு வால் போனால், இன்னொரு பல்லியில் முதலிலிருந்து தொடங்க அவருக்கு நாள் கிடையாது. அதனால் நான் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டேன். மிக்சியை மங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்தேன். அவர் தும்ம வந்தால் தலையணையை எடுத்து வாயில் வைப்பேன். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவருக்குக்கூட நான் இப்படிப் பயந்து நடந்ததில்லை.

பிறகு தீபாவளி வந்தது.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், வெடி வேண்டாம், மத்தாப்பு மட்டும் போதும் என்று கெஞ்சினேன். எல்லோரும் சரி என்றார்கள். யாரும் கேட்கவில்லை. முதல் சரவெடிக்கே சனியன் தொட்டிக்குள் அங்குமிங்கும் ஓடியது, கண்ணாடியில் மோதியது. வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் தொட்டிமேல் போட்டு மூடிவிட்டு, வேறு ஒன்றும் தோன்றாமல் கையை உள்ளே விட்டேன். அது என் கையைக் கண்டு ஓடும் என்றுதான் நினைத்தேன். அது ஓடி வந்து என் உள்ளங்கைக்கும் கல்லுக்கும் நடுவில் நுழைந்து, மூச்சை இழுத்து, ஊதிக்கொண்டது.

விலா மடிப்பு விரிந்து, அந்த மெத்துமெத்தென்ற வெளுத்த தோல் என் கை முழுவதையும் அடைத்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் வால் போகும், வால் போனால் தாலி போகும். வெடிச்சத்தம் ஓயும்வரை அப்படியே குனிந்து கிடந்தேன். அதன் நெஞ்சு என் விரலில் அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு தொட்டியைத் திறந்தால் அதுவே வந்து கையில் ஏறியது. அருவருப்பு போகவில்லை. ஆனால் அருவருத்துக்கொண்டே விரலால் அதன் தாடையைச் சொறிந்துவிடுகிற அளவுக்கு வந்துவிட்டேன். வாலின் அடியில் வீக்கம் கத்தரிப் பிஞ்சு அளவுக்குத் திரண்டிருந்தது. இன்னொரு பக்கம் வாத்தியார் வற்றிக்கொண்டே போனார். அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். இரண்டில் எது முந்தும் என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

வால் முந்தியது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, எப்சிபா ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

"மயக்க ஊசி போட்டு வெட்டி எடுப்பியளா?" என்றேன்.

"வெட்டுனா ரத்தக் குழா எல்லாம் கிழிஞ்சிரும்க்கா. அதுவா உதுத்தாத்தான் எல்லா வாயும் தானா மூடிக்கிடும். ஈரல் உயிரோட இருக்கும்." அவள் தரையைப் பார்த்தாள். "அது பயந்து உதுக்கணும்."

"சரி, பயமுறுத்து."

"நான் போனா இடுக்குக்குள்ள போயி ஊதிக்கிடும். வெளிய இருக்கும்போது அது நம்புத கை பிடிக்கணும். திடீர்னு, கெட்டியா. விடாம."

"சோறு ஊட்டுன கையால கழுத்த நெரிக்கச் சொல்லுத. இதத்தான் மொதல்லயே சொல்லலியா நீ?"

"வாலு திரும்ப மொளைக்கும்க்கா" என்றாள்.

தொட்டியைத் திறந்தேன். பூச்சியை நீட்டினேன். சனியன் கல்லிலிருந்து இறங்கி, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, பூச்சியைத் தின்றுவிட்டு, வழக்கம்போல உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. சூட்டுக்கல்லின் சூடு இன்னும் அதன் வயிற்றில் இருந்தது. மற்றக் கையை மேலிருந்து இறக்கி அதன் கழுத்தையும் இடுப்பையும் சேர்த்து அமுக்கினேன். அது முதலில் திமிறக்கூட இல்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ. இன்னும் அமுக்கினேன். அப்போதுதான் அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒன்று என் விரலுக்குள் ஒடிந்தது.

வால் தரையில் விழுந்து துள்ளியது. ஈரலைச் சுமந்துகொண்டு அந்தக் கனத்தோடு புரண்டு புரண்டு துள்ளியது. எப்சிபா இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் போட்டாள். பெட்டிக்குள்ளும் அது தட்டிக்கொண்டே போனது. நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். இத்தனை மாதம் பூச்சியையும் பீயையும் அள்ளியபோது வராத ஓர் அருவருப்பு அந்தக் கைகள்மேலேயே அப்போது வந்தது. பூச்சி கழுவினால் போய்விடும்.

அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. ஈரல் ஒட்டிக்கொண்டது. கண் வெளுத்தது, முகம் தெளிந்தது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்து அழுதேன். அவரும் உள்ளிருந்து சிரித்தார். வீட்டுக்கு வந்த அன்று, ஆஸ்பத்திரியில் அதுவரை மாட்டியிருந்த மூக்குத் துணியும் கையுறையும் எல்லாம் கழற்றிவிட்டுக் கஞ்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கக் கையை நீட்டினேன்.

அவர் கட்டிலில் பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் இறங்கி உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். வயிறு உப்பியிருந்தது.

"அத்தான், என்ன செய்யுதிய? தையல் பிரிஞ்சிரும்."

நான் அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சை விட்டார். செண்பக மதினி போய்க் கஞ்சி கொடுத்தாள். கடகடவென்று குடித்தார்.

எப்சிபாவை வரவழைத்தேன். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"பயந்த நேரத்துல ஒடம்புல என்ன சொரந்துச்சோ அது அந்த ஈரலுக்குள்ள தங்கிருதுக்கா" என்றாள். "எந்தக் கையக் கண்டு பயந்துச்சோ அந்தக் கை பக்கத்துல வந்தா, உள்ள இருந்து நடுங்கும். அந்த வாசன, அந்தச் சூடு, எல்லாம் தெரியும் அதுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"செல பேருக்குப் போயிருது."

"மத்தவங்களுக்கு?"

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "அதுக்குத்தான் சாரே வளக்கட்டும்னு சொன்னேன். அவங்கவங்க கையக் கண்டு யாரும் பயப்பட மாட்டாங்க. ஒடம்புக்கு அது தன் கைதானே. அவரு பிடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"ஏன்னு சொல்லலியேட்டி அன்னைக்கு."

"சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு."

அவளை அறையலாம் போலிருந்தது. அறைந்து என்ன? ஒரு பூச்சியைத் தொட மாட்டேன் என்றவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் தொட வேண்டாம் என்று நானே எடுத்துக்கொண்டு ஓடியிருந்தேன்.

"பல்லிய எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க" என்றாள். "வாலு மொளச்சதும் வேற ஆளுக்கு வைப்பாங்க."

"செத்துப்போச்சுன்னு சொல்லிரு."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "சரிக்கா" என்றாள்.

அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். அறையின் ஒரு கோடியில் அவரும் மறு கோடியில் நானும் உட்கார்ந்து பழையபடி பேசுவோம். "ஒம்மேல கோவம் இல்ல வடிவு. நெனச்சாக் கண்ணீர் வருது எனக்கு. ஆனா ஒன் கையப் பாத்தா வயித்துக்குள்ள ஒண்ணு ஓடி ஒளியுது" என்பார். ஒருநாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தொடு, பாப்போம்" என்று கையை நீட்டினார். தொட்டேன். அவருடைய உதடு கோணி, மூக்கு சுருங்கி, தொண்டை ஏறி இறங்கியது. குனிந்து தரையிலேயே வாந்தி எடுத்தார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். டிரம்மின் மூடியைத் திறந்த ஒவ்வொரு காலையிலும் நான் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

வாந்தியை நான்தான் துடைத்தேன்.

செண்பக மதினி எங்களோடு தங்கிவிட்டாள். அவருக்குச் சோறு, தண்ணீர், மாத்திரை எல்லாம் அவள் கையால். என் கை பட்ட தட்டைக்கூட அவர் தள்ளிவைத்தார். அவர் என்னைக் கண்டு ஒதுங்குவதை மங்கை எப்படியோ பார்த்துவிட்டாள். தெரு இப்போது புதிதாக முடிவு செய்தது, நான் அவரை அடிக்கிறேன் என்று.

தொட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார் வாத்தியார். வேலைதான் முடிந்துவிட்டதே. தூக்கி, அடுக்களைக்குப் பின்னாலிருக்கும் அறையில் வைத்தேன். ஆள் பிழைத்த வீட்டில் பிழைக்கவைத்ததற்கு இவ்வளவுதான் இடம். சனியன் கல் இடுக்கிலேயே கிடந்தது. இனி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது என்றுதான் நினைத்தேன். பூச்சியைப் போட்டு, தண்ணீர் மாற்றி, விளக்கைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். பார்க்க எனக்கு முகமில்லை.

ஒரு காலையில் கிண்ணத்தை எடுக்கக் கையை உள்ளே விட்டேன். சனியன் இடுக்கிலிருந்து தலையை நீட்டியது. இறங்கியது. பின்னால் வால் இருந்த இடத்தில் கட்டை விரல் நீளத்துக்குக் கறுத்த முளை. அது அவசரமில்லாமல் நடந்து வந்து, என் உள்ளங்கையில் ஏறி, ஒருமுறை சுற்றி, படுத்துக்கொண்டது. விலா மடிப்பு மெதுவாகத் திறந்து மூடியது. குமட்டவில்லை. குமட்டினால்கூடத் தேவலாம் போலிருந்தது.

வாசற்படியில் நிழல் தெரிந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். நிலையைப் பிடித்தபடி, உள்ளே வராமல்.

"அது ஒன் கைக்கு வருதா?"

"வருது."

"நீதானே அத நெரிச்ச?"

"நான்தான்."

"பெறகு எப்பிடி வருது?" அவர் குரலில் கணக்கு வாத்தியாரின் சந்தேகம் இருந்தது. விடை எங்கோ தப்பாக வந்துவிட்ட மாதிரி.

சனியனின் தாடையைச் சொறிந்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது.

"அதோட பயம் எல்லாம் ஒங்ககிட்டல்லா இருக்கு அத்தான்" என்றேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சுளிக்காமலிருக்க எவ்வளவோ முயன்றார், பாவம். முடியவில்லை. செண்பக மதினி அடுக்களையிலிருந்து காப்பி என்று கூப்பிட்டாள். அவர் போய்விட்டார்.